சாளரத்தின் மறுபுறம் நிற்பவர்: பெட்டி ஸாரின் தன்னுருவத்தில் விதியும் விடுதலையும்

மனிதரின் வாழ்க்கை பிறக்கும்போதே வகுக்கப்பட்டுவிட்டதா, வாழ்பவர் தம் செயலால் அதை வகுத்துக்கொள்கிறாரா என்னும் வினாவைச் சமயங்களும் தத்துவ மரபுகளும் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றன. அந்த விவாதம் பெரும்பாலும் நூல்களின் வழியாகவே நடந்திருப்பதால், அதில் ஒரு கூறு எளிதில் விடுபட்டுவிடுகிறது. விதி பொதுக் கருத்தாக எவரையும் வந்தடைவதில்லை. குறிப்பிட்ட நிறத்தோடும் குடும்பத்தோடும் பாலோடும் பிறந்த ஓர் உடலையே அது வந்தடைகிறது. அந்த உடலை ஒதுக்கிவிட்டு விதியை ஆராயும் வாதம் எவ்வளவு நுட்பமானதாயினும் பாதி வாதமே. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பெட்டி ஸார் 1969ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘கறுப்புச் சிறுமியின் சாளரம்’ என்னும் தன்னுருவப் படைப்பு விடுபட்ட அந்தப் பாதியைக் கண்முன் நிறுத்துகிறது. அதனாலேயே அது கலை வரலாற்றுக்கு மட்டுமன்றித் தத்துவச் சிந்தனைக்கும் உரியதாகிறது.

படைப்பும் படைத்தவரும்

வண்ணம், காகிதம், உலோகம், மரம், நிழற்படம் எனப் பலவகைப் பொருள்களை ஒரே படைப்பில் இணைக்கும் முறையைக் கலப்பூடகம் என்பர். அதனுள்ளும், முன்பு வேறொரு பயனுக்கு உதவிப் பின்னர் கைவிடப்பட்ட பொருள்களைத் தேடியெடுத்துச் சேர்த்துக் கட்டும் வகை தொகுப்புக் கலை எனப்படுகிறது. கடையில் வாங்கிய வண்ணத்துக்குச் சொல்லிக்கொள்ளக் கடந்தகாலம் எதுவும் கிடையாது. பழைய சாளரச் சட்டத்துக்கோ அது தாங்கிய வீட்டின் காலம் முழுவதும் பின்னால் நிற்கிறது. பொருள்களுக்கும் நினைவு உண்டு, அந்த நினைவை அவை புதிய இடத்துக்கும் கொண்டுவரும் என்னும் நம்பிக்கையே ஸாரின் கலைக்கு அடித்தளம். அவர் தம் தன்னுருவத்தைத் துணித்திரையில் வரையாமல், பயன்பாட்டிலிருந்து கழிந்த ஒரு மரச் சாளரச் சட்டத்தில் அமைத்ததை இந்த நம்பிக்கையிலிருந்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

சாளரம் ஏறத்தாழ 91 சென்டிமீட்டர் உயரமும் 46 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் மேற்பகுதியில் மும்மூன்றாக ஒன்பது சிறு பலகங்கள் உள்ளன; அவற்றில் பிறையும் விண்மீன்களும், மண்டையோட்டுப் பகுப்பு வரைபடம், சிங்கம், கழுகு, எலும்புக்கூடு, பழைய உலோகத் தகட்டு நிழற்படம் ஒன்று எனப் பல உருவங்கள் இடம்பெறுகின்றன. கீழே உள்ள பெரிய கண்ணாடியில் ஒரு சிறுமியின் கரிய நிழலுருவம் தெரிகிறது. மூக்கும் வாயும் கன்னமும் பிரித்தறிய முடியாதபடி முகம் முழுவதும் இருண்டிருக்க, கண்கள் மட்டும் துலங்குகின்றன. உயர்த்திய இரு உள்ளங்கைகளும் கண்ணாடியில் அழுந்தப் பதிந்திருக்கின்றன. அந்தக் கைகளில் பிறை, விண்மீன் முதலிய மறைபொருட் குறிகள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. தன்னுருவம் எனப்படும் படைப்பில் முகம் மறைந்திருப்பதும், முகம் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் ஒன்பது பலகங்கள் சொல்ல முற்படுவதும் இதன் முதல் முரண். படைப்பின் பொருள் முழுவதும் இந்த முரணிலிருந்தே விரிகிறது.

ஸார் 1926ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தவர். 1931இல் தந்தையை இழந்தார். சிறு வயதில் வருவதை முன்னறியும் ஆற்றல் தமக்கு இருந்ததாகவும், தந்தையின் மறைவுக்குப் பின் அது நீங்கிவிட்டதாகவும் அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். பாட்டியின் வீடு அந்நகரின் வாட்ஸ் பகுதியில் இருந்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா என்னும் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியொருவராக இரும்புக் கம்பியும் சிமெண்டும் கொண்டு எழுப்பி, உடைந்த பீங்கானும் சிப்பியும் கண்ணாடியும் பதித்த கோபுரங்கள் அங்கே வளர்ந்துகொண்டிருந்ததைச் சிறுமி ஸார் கண்டார். கழிந்த பொருளிலிருந்தும் உயர்ந்த ஒன்றைக் கட்டலாம் என்பதை அவர் எந்தக் கலைக்கூடத்திலும் கற்பதற்கு முன்பே அங்கே கண்கூடாக அறிந்தார்.

1949இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் வடிவமைப்புத் துறையில் பட்டம் பெற்ற ஸார், பின்னர் அச்சோவியத்தில் தேர்ந்தார். 1967இல் பாசடேனா கலை அருங்காட்சியகத்தில் ஜோசப் கார்னெல் என்பவரின் படைப்புகளைக் கண்டது அவருடைய கலைவழியைத் திருப்பியது. சிறு மரப்பெட்டிகளுக்குள் படங்களையும் பொருள்களையும் அடுக்கித் தனித்தனி உலகங்களை அமைத்தவர் கார்னெல். அச்சோவியங்களைச் சாளரச் சட்டங்களுக்குள் பொருத்திப் பார்க்கும் முயற்சியை அதற்கு முன்பே தொடங்கியிருந்த ஸாருக்கு, ஒரு சட்டகத்துக்குள் முழு அண்டத்தையும் வைக்க முடியும் என்னும் உறுதியை அந்தக் காட்சி அளித்தது. ‘கறுப்புச் சிறுமியின் சாளரம்’ அந்த உறுதியின் முதிர்ந்த விளைவு.

வானத்தின் எழுத்து

மேற்பலகங்களிலும் சிறுமியின் கைகளிலும் முதலில் கண்ணில் படுபவை சோதிடக் குறிகள். மேலைச் சோதிடக் கணக்கின்படி ஜூலை இறுதியில் பிறந்தவர் சிம்ம ராசிக்கு உரியவர். எனவே பலகத்தில் உள்ள சிங்கம் ஸாரின் பிறப்பைக் குறிப்பதாகிறது. பிறையும் விண்மீன்களும் வானத்தில் மட்டும் நின்றுவிடாமல் கைகளிலும் பதிந்திருப்பது தற்செயலானதன்று. கோள்களின் அமைப்பு மனித உடலில் எதிரொளிக்கிறது என்றும், உள்ளங்கையின் மேடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளுக்கு உரியது என்றும் மேலைக் கைரேகை மரபு கருதுகிறது. மேலே எழுதப்பட்டது கீழே உடலில் படியெடுக்கப்படுகிறது என்னும் இந்தக் கோட்பாட்டைச் சாளரத்தின் மேல்கீழ் அமைப்பே காட்சியாக்கிவிடுகிறது.

இந்தக் கோட்பாட்டுக்கு எதிராகக் கிறித்தவ மரபில் எழுந்த மிக வலிய வாதத்தை இங்கே நினைவுகூர வேண்டும். ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையில் எழுதிய ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலின் ஏழாம் பகுதியில், தாம் சோதிட நம்பிக்கையிலிருந்து விடுபட்டதற்குக் காரணமான ஒரு செய்தியைப் புனித அகஸ்டின் விவரிக்கிறார். ஃபிர்மினுஸ் என்னும் நண்பர் பிறந்த அதே கணத்தில், அவர் தந்தையின் நண்பர் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் ஒரு குழந்தை பிறந்தது. இரு வீட்டாரும் நேரத்தை நுணுக்கமாகக் குறித்துவைத்திருந்ததால் இரு குழந்தைகளின் சாதகமும் ஒன்றாகவே அமைந்தன. ஆயினும் ஃபிர்மினுஸ் செல்வத்திலும் சிறப்பிலும் உயர, மற்றவர் அடிமையாகவே உழைத்துக்கொண்டிருந்தார். விண்மீன்கள் உண்மையைச் சொல்வனவாயின் ஒரே சாதகத்திலிருந்து இரு வேறு வாழ்க்கைகளைச் சொல்ல வேண்டியிருக்கும். எனவே சோதிடர் சொல்வது பலித்தால் அது தற்செயலே, கலையன்று என்று அகஸ்டின் முடிவு செய்தார்.

அகஸ்டினுக்கு இந்த நிகழ்ச்சி சோதிடத்தின் பொய்ம்மைக்குச் சான்றாக அமைந்தது. அத்துடன் அவர் அதை விட்டுவிட்டார். அதே நிகழ்ச்சியில் இன்னொரு வினாவும் அடங்கியிருக்கிறது. இரு குழந்தைகளின் வாழ்க்கையையும் வேறுபடுத்தியது வானமன்று எனில், வேறுபடுத்தியது எது? ஒரு குழந்தையை ஆண்டானாகவும் மற்றொன்றை அடிமையாகவும் பிறக்கும்போதே அறிவித்த உரோமானியச் சட்டமும் அதைத் தாங்கிய சமூகமுமே வேறுபடுத்தின. விண்மீன்களுக்கு இல்லாத அதிகாரம் மனிதர் எழுதிய சட்டத்துக்கு இருந்தது. பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர் ஸாரின் சாளரம் நிற்பது அகஸ்டின் விட்டுச்சென்ற அந்த இடத்தில்தான். சிம்ம ராசியில் பிறந்த வெள்ளைக் குழந்தைக்கும் கறுப்புக் குழந்தைக்கும் ஒரே சிங்கம் உரியது. ஆனால் 1926ஆம் ஆண்டின் அமெரிக்காவில் அவ்விருவரும் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எவரை மணக்கலாம் என்பவற்றைச் சிங்கம் தீர்மானிக்கவில்லை.

உடலின் மேல் மனிதர் எழுதியது

இதனால்தான் விண்மீன்களுக்கு அருகிலேயே மண்டையோட்டு வரைபடம் வைக்கப்பட்டிருப்பது ஆழ்ந்த பொருளுடையதாகிறது. மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்து ஒருவரின் குணத்தையும் அறிவையும் அறியலாம் என்னும் கொள்கையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் யோசஃப் கால் உருவாக்கினார். ‘ஃப்ரெனாலஜி’ என வழங்கிய இந்தத் தலைக்குறி ஆய்வு, அறிவியல் என்னும் பெயரோடு 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன் 1839இல் வெளியிட்ட மண்டையோட்டு அளவை நூல், இனங்களை மேல்கீழாக வரிசைப்படுத்த விரும்பியவர்களுக்குச் சான்றாகப் பயன்பட்டது. அந்த நூலின் பின்னிணைப்பாகவே தலைக்குறி ஆய்வு பற்றிய கட்டுரை ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. கறுப்பின மக்களை அடிமைப்படுத்தியது இயற்கையே வகுத்த ஏற்பாடு என்று வாதிட்டோர்க்கு இத்தகைய அளவைகள் துணை நின்றன.

சோதிடமும் தலைக்குறி ஆய்வும் ஒரே வாய்பாட்டின் இரு வடிவங்கள். புறத்தே தெரியும் குறியிலிருந்து உள்ளே இருக்கும் மனிதரை அறிந்துவிடலாம் என்பதே அந்த வாய்பாடு. ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒழுக்கவியல் நோக்கில் பெரிய வேறுபாடு உண்டு. தம் கையைத் தாமே விரித்துப் பார்ப்பவர் தம் வாழ்க்கையின் பொருளைத் தேடுகிறார். பிறர் தலையை அளந்து பார்ப்பவர் அந்தப் பிறருக்கு வாழ்க்கையில் உரிய இடம் எதுவென்று தீர்ப்பு எழுதுகிறார். முன்னதில் குறியைப் படிப்பவரும் அதற்கு உரியவரும் ஒருவரே. பின்னதில் படிப்பவர் ஒருவர், படிக்கப்படுபவர் வேறொருவர். படிக்கப்படுபவருக்கு மறுத்துரைக்கும் உரிமை இல்லை. குறி உண்மையா பொய்யா என்னும் வினாவைக் காட்டிலும் குறியைப் படிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் வினாவே ஸாரின் படைப்பில் முதன்மை பெறுகிறது.

பழைய நிழற்படப் பலகம் இதே வினாவைக் குடும்ப வரலாற்றுக்குள் கொண்டுசெல்கிறது. அதில் இருப்பவர் வெள்ளை இனப் பெண் ஒருவர். அவர் யாராகவும் இருக்கலாம் என்று குறிப்பிட்ட ஸார், தம் தாய்வழிப் பாட்டி அயர்லாந்து வழிவந்த வெள்ளைப் பெண் என்பதையும், தம் குருதியில் உள்ள அந்தக் கலப்பின் புதிரையும் இப்படத்தோடு இணைத்துக் காட்டியிருக்கிறார். கறுப்புச் சிறுமி என்று தலைப்பிட்ட சாளரத்தில் வெள்ளை மூதாதையின் உருவம் இடம்பெறுவது, நிறத்தின் அடிப்படையில் மனிதரைப் பிரிக்கும் பாகுபாடு எவ்வளவு வலுவற்றது என்பதைக் காட்டுகிறது. பிரிவினைச் சட்டங்கள் பிரித்துவைக்க முயன்றவை அந்தச் சிறுமியின் உடலில் ஏற்கெனவே ஒன்றாக இருக்கின்றன.

இந்தப் பலகத்தின் பின்னணியில் சட்ட வரலாறும் நிற்கிறது. வெவ்வேறு இனத்தார் மணந்துகொள்வதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1948இல்தான் செல்லாது என அறிவித்தது. ஸார் வெள்ளையினத்தவரான ரிச்சர்ட் ஸாரை மணந்தது 1952இல். அதாவது, நான்கே ஆண்டுகளுக்கு முன்புவரை அத்தகைய மணத்தை அவர் பிறந்த மாநிலத்தின் சட்டமே தடுத்துவந்தது. நாடு முழுவதும் அத்தடை நீங்கியது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பால். நிழற்படத் தகட்டுக்கும் இருண்ட மறுபக்கம் உண்டு. 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டாகுரோடைப் முறை, அதாவது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிக்கும் முறை, குடும்பங்கள் தம் அன்புக்குரியவர்களை நினைவில் வைக்க உதவியது. அதே முறையைக் கொண்டு 1850இல் இயற்கை அறிவியலாளர் லூயி அகாசி, தென் கரோலினாவின் அடிமைகளை ஆடை களைந்து நிற்கவைத்து, இனவேற்றுமைக்குச் சான்று தேடினார். அன்பின் கருவியும் அளவையின் கருவியும் ஒன்றாகவே இருந்தன என்னும் கசப்பான உண்மை அந்தச் சிறு தகட்டோடு சாளரத்துக்குள் வந்து சேர்கிறது.

நடுவில் இறப்பு

ஒன்பது பலகங்களின் நடுவிடம் இறப்புக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. எலும்புக்கூடு அங்கே நிற்க, ஏனைய அனைத்தும் அதைச் சுற்றி அமைகின்றன. சிறு வயதிலேயே தந்தையை இழந்த ஒருவரின் நினைவில் இறப்பு நடுவிடம் பெறுவது இயல்பே. படைப்பு உருவான காலமும் அதற்கு மற்றொரு காரணத்தைத் தருகிறது. 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் வெடித்த கிளர்ச்சியில் 34 பேர் மாண்டனர். பாட்டியின் வீடு இருந்த, ரோடியாவின் கோபுரங்கள் எழுந்த அதே பகுதி எரிந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டுகளிலேயே ஸாரின் மணவாழ்க்கையும் முறிந்தது. ஊரின் துயரும் நாட்டின் துயரும் வீட்டின் துயரும் ஒரே காலத்தில் வந்து குவிந்த நிலையில் இந்தச் சாளரம் உருவாயிற்று.

மேலைச் சமய ஓவிய மரபில் இறப்பை நினைவூட்டும் மண்டையோடு நெடுங்காலமாகவே இடம்பெற்றுவந்திருக்கிறது. செல்வமும் அழகும் நிலையாதவை என்பதை அறிவுறுத்தி, பார்ப்பவரின் மனத்தை நிலையான மறுமையை நோக்கித் திருப்புவது அதன் நோக்கம். ஸாரின் எலும்புக்கூடு அந்த மரபிலிருந்து வந்தாலும் வேறொரு பணியைச் செய்கிறது. தோல் நீங்கிய எலும்புக்கு நிறம் இல்லை. மண்டையோட்டு வரைபடம் உயிரோடிருப்போரை இனங்களாகப் பிரிக்க எலும்பைக் கருவியாக்கியது. அதற்கு அருகிலேயே முழு எலும்புக்கூட்டை நிறுத்துவதன் மூலம், பிரிப்பதற்குப் பயன்பட்ட அதே எலும்பை மனிதர் அனைவருக்கும் பொதுவான முடிவின் குறியாக இந்தச் சாளரம் மாற்றிவிடுகிறது. சோதிடம், குருதி, நாடு ஆகிய எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றை நடுப்பலகம் மட்டும் உறுதியாகச் சொல்கிறது. விதி என்று ஐயமின்றி அழைக்கத்தக்கது இறப்பு ஒன்றே. ஏனையவற்றுள் பெரும்பகுதி மனிதர் மனிதருக்குச் செய்வது. இதுவே பலகங்களின் அமைப்பு முன்வைக்கும் வாதம்.

சாளரமும் திரையும்

சாளரம் என்னும் வடிவத்துக்கும் நீண்ட சிந்தனை மரபு உண்டு. இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி 1435இல் எழுதிய ஓவியக்கலை நூலில், ஓவியத்தின் சட்டகத்தை உலகைக் காண உதவும் திறந்த சாளரத்துக்கு ஒப்பிட்டார். அந்தச் சாளரத்தின் முன் நிற்பவர் பார்ப்பவராக மட்டுமே இருக்கிறார். அவர் பார்வைக்கு ஏற்ப உலகம் ஒழுங்குபெற்று விரிகிறது. கிழக்கு மரபுவழித் திருச்சபையின் திருவுருவங்களைக் குறித்தும் சாளரம் என்னும் உருவகம் வழங்குகிறது. 20ஆம் நூற்றாண்டு ருசிய இறையியலாளர் பாவெல் ஃப்ளோரென்ஸ்கி, திருவுருவத்தை விண்ணுலகின் ஒளி புகுந்துவரும் சாளரமாக விளக்கினார். ஆல்பர்ட்டியின் சாளரத்தில் மனிதர் உலகைப் பார்க்கிறார். திருவுருவச் சாளரத்தில் விண்ணுலகம் மனிதரைப் பார்க்கிறது.

ஸாரின் சாளரம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கே சாளரத்தின் மறுபுறத்தில் ஒருவர் நிற்கிறார். அவர் கண்ணாடியில் கைகளை ஊன்றியிருப்பதால் சாளரம் திறக்கவில்லை என்பது தெரிகிறது. அவர் உள்ளே அடைபட்டு வெளியே நோக்குகிறாரா, வெளியே நிறுத்தப்பட்டு உள்ளே நோக்குகிறாரா என்பதைப் படைப்பு சொல்வதில்லை. பார்வையாளர் நிற்கும் இடம் வீட்டின் உட்புறமாயின், அவர் ஒரு சிறுமியை வெளியே நிறுத்திவிட்டு இருப்பவராகிறார். அவர் நிற்பது வெளிப்புறமாயின், அடைபட்ட ஒருவரைத் தெருவிலிருந்து பார்த்துச் செல்பவராகிறார். இரு நிலைகளிலும் பார்வையாளருக்குக் குற்றமற்ற ஓரிடம் கிடைப்பதில்லை.

இந்த நிலையை அமெரிக்கச் சமூகவியலாளரும் சிந்தனையாளருமான டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் 1903இல் வெளியிட்ட ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் நூலில் திரை என்னும் உருவகத்தால் விளக்கியிருந்தார். கறுப்பினத்தவரை ஏனைய உலகிலிருந்து ஒரு திரை பிரித்துவைத்திருக்கிறது. அதனால் அவர் தம்மைத் தம் கண்ணால் மட்டும் காண இயலாமல், தம்மை இழிவாகக் கருதும் பிறர் கண்ணாலும் எப்போதும் கண்டுகொண்டிருக்க நேர்கிறது. இவ்வாறு ஒருவருக்குள்ளேயே பிளவுபட்டிருக்கும் உணர்வை டுபாய்ஸ் இரட்டைத் தன்னுணர்வு என்றார். அவர் பயன்படுத்திய திரை என்னும் உருவகத்துக்கு நாட்டார் நம்பிக்கை ஒன்றும் பின்னணியாக உள்ளது. பனிக்குடச் சவ்வு முகத்தை மூடியிருக்கப் பிறக்கும் குழந்தைக்குப் பிறர் காணாததைக் காணும் ஆற்றல் வாய்க்கும் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வழங்கிய நம்பிக்கை. எனவே டுபாய்ஸின் திரை தடையாகவும் அதே நேரத்தில் கூர்ந்த பார்வையின் ஊற்றாகவும் அமைகிறது. விலக்கி வைக்கப்பட்டவர், விலக்கி வைத்தவர் அறியாத ஒன்றை அறிகிறார்.

குழந்தைப் பருவத்தில் முன்னறியும் ஆற்றல் தமக்கு இருந்ததாகக் கூறிய ஸாரின் தன்னுருவத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது, கண்ணாடியின் பணி தெளிவாகிறது. டுபாய்ஸ் சொல்லால் அமைத்த திரையை ஸார் கைக்கு எட்டும் பொருளாக்கியிருக்கிறார். கண்ணாடி பிரிக்கிறது; பிரித்துக்கொண்டே காட்டவும் செய்கிறது. சிறுமி தொடமுடியாத உலகைப் பார்க்கிறாள். அந்த உலகு தன்னைப் பற்றி எழுதியவை அனைத்தும் தன் தலைக்கு மேல் ஒன்பது பலகங்களில் நிற்பதையும் அறிந்தவளாகவே பார்க்கிறாள்.

திறந்து மூடும் கண்கள்

சிறுமியின் கண்கள் லெண்டிகுலர் எனப்படும் அச்சுமுறையால் ஆனவை. நுண்ணிய வரிப்பள்ளங்கள் கொண்ட பிளாஸ்டிக் தகட்டின் அடியில் இரு வேறு படங்களைக் கீற்றுக் கீற்றாகப் பின்னி வைத்தால், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒரு படம் மறைந்து மற்றொன்று தோன்றும். அதனால் பார்வையாளர் நகரும்போது சிறுமியின் கண்கள் திறந்து மூடுகின்றன. விளையாட்டுப் பொருள்களில் காணப்படும் எளிய உத்தி இது. ஆனால் இந்தச் சாளரத்தில் அது மெய்யியல் பொருள் பெறுகிறது.

தலைக்குறி ஆய்வாளருக்கு எதிரே இருக்கும் தலை அசையாப் பொருள். அதைத் திரும்பத் திரும்ப அளக்கலாம், ஒவ்வொரு முறையும் ஒரே விடையை எதிர்பார்க்கலாம். அசையும் கண்கள் அந்த எதிர்பார்ப்பை முறித்துவிடுகின்றன. பார்க்கப்படும் சிறுமி பார்ப்பவரைத் திருப்பிப் பார்க்கிறாள். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அவள் பார்வை கிடைக்கிறது அல்லது மறைகிறது. பிறரின் முகம் ஒருபோதும் முழுமையாகப் பொருளாக்க இயலாதது என்றும், அது எதிரே நிற்பவரிடம் பொறுப்பைக் கோருகிறது என்றும் பிரெஞ்சு மெய்யியலாளர் இம்மானுவேல் லெவினாஸ் 1961இல் வெளிவந்த ‘முழுமையும் முடிவின்மையும்’ என்னும் நூலில் வாதிட்டார். ஸாரின் படைப்பு அந்தக் கருத்தை மேலும் ஒரு படி கொண்டுசெல்கிறது. முகத்தின் வடிவங்கள் அனைத்தும் மறைக்கப்பட்ட பின்னும், கண்கள் மட்டும் எஞ்சியிருந்தால் போதும். அந்தக் கோரிக்கை குறைவதில்லை. ஒருவருடைய அடையாளங்களையெல்லாம் அறிந்த பின்னரும் அவரை அறிந்ததாகாது என்பதை இருண்ட முகமும், அடையாளம் எதுவும் அறியாதபோதும் அவருக்குப் பதில் சொல்லும் கடமை நீங்காது என்பதைத் துலங்கும் கண்களும் உணர்த்துகின்றன.

தொகுப்பும் தொகுப்பவரும்

இங்கே ஓர் எதிர்வாதத்தையும் கருத வேண்டும். கைரேகையும் சோதிடமும் அறிவுக்கு ஒவ்வாதவை எனில், அவற்றை அரசியல் விடுதலையைப் பற்றிய படைப்பில் சேர்ப்பது முரணாகாதா என்று கேட்கலாம். தலைக்குறி ஆய்வைப் பொய்யென்று தள்ளிவிட்டுக் கைரேகையை மட்டும் வைத்துக்கொள்வது ஒருதலையானது என்றும் கூறலாம். இந்த வாதம், ஸார் குறிகளை அறிவுக் கூற்றுகளாக முன்வைக்கிறார் என்னும் அடிப்படையில் நிற்கிறது. படைப்பின் அமைப்பு அந்த அடிப்படைக்கு இடம் தருவதில்லை. நிலவும் சிங்கமும் கழுகும் தகட்டுப் படமும் ஒரே அளவுப் பலகங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன; எதுவும் எதையும் மெய்ப்பிக்கவில்லை, எதுவும் எதையும் ஆளவும் இல்லை. அமெரிக்க அரசின் சின்னமான கழுகுகூட மற்றவற்றுக்கு இணையாக ஒரு சிறு பலகத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு வாழ்க்கையின் மேல் உரிமை கோரும் ஆற்றல்கள் அனைத்தும் அங்கே வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. அவற்றை வரிசையாக நிறுத்தியவர் அவற்றுக்குக் கட்டுப்பட்டவராக மட்டும் இருக்க முடியாது.

தொகுப்புக் கலை தன்னிலையைப் பற்றிய கோட்பாடாகவும் மாறுவது இந்த இடத்தில்தான். தன்னிலை என்பது உடலுக்குள் ஒளிந்திருக்கும் மாறாத ஒரு பொருள் என்று கொண்டால், அதைக் காட்டும் குறிகளைத் தேடுவது நியாயமாகிவிடும். அந்தத் தேடல் எவ்வளவு கொடுமைக்கு வழிவகுத்தது என்பதற்கு மண்டையோட்டு அளவைகளே சான்று. தன்னிலை என்பது வெறும் சமூகத்தின் விளைவு என்று கொண்டால், சிறுமி தன்மேல் எழுதப்பட்டவற்றின் தொகையாக மட்டும் சுருங்கிவிடுவாள். ஸாரின் சாளரம் இவ்விரு முடிவுகளையும் ஏற்காமல் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. பிறப்பு, நிறம், குருதி, நாடு, இழப்பு ஆகியவற்றுள் எதையும் ஒருவர் தேர்ந்து பெறுவதில்லை. ஆனால் அவற்றை எந்த வரிசையில் வைப்பது, எதை நடுவில் நிறுத்துவது, எதன் அருகில் எதைச் சேர்ப்பது என்பது அவர் செயல். கிடைத்த பொருள் விதி. சேர்த்துக் கட்டும் கை விடுதலை. இரண்டையும் பிரித்துவைத்தால் இரண்டுமே பொருளிழக்கும்.

அடுத்த ஆண்டுகளில் ஸார் செய்தவை இந்தக் கோட்பாட்டை வலியுறுத்துகின்றன. 1972இல் உருவான ‘ஜெமைமா அத்தையின் விடுதலை’ என்னும் படைப்பில், கறுப்பினப் பெண்ணைச் சிரித்த முகப் பணிப்பெண்ணாக இழிவுபடுத்திய விற்பனைப் பொம்மையை எடுத்து, அதன் ஒரு கையில் துடைப்பத்தையும் மறு கையில் துப்பாக்கியையும் வைத்தார். இழிவுபடுத்திய பொம்மையை அழிக்காமல், அதன் பொருளை மாற்றும் முறை அது. 1973இல் ‘ம்டி’ என்னும் பலிபீட வடிவப் படைப்பில், காண வருவோர் தாமும் பொருள்களைக் காணிக்கையாக வைத்துச் செல்ல இடமளித்தார். தனியொருவரின் தொகுப்பாகத் தொடங்கியது அங்கே சமூகத்தின் தொகுப்பாக விரிந்தது. தாம் அளித்த குறிகளைத் தனி வாழ்க்கையிலிருந்து பொதுவழிபாட்டுக்குக் கொண்டுசென்ற இந்த வளர்ச்சிக்கு விதையாக அமைந்தது 1969ஆம் ஆண்டின் சாளரமே.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘கறுப்புச் சிறுமியின் சாளரத்தை’ 2013இல் தன் தொகுப்பில் சேர்த்தது; 2019இல் இந்தப் படைப்பையே மையமாகக் கொண்டு ஸாரின் அச்சோவியங்களுக்கும் சாளரங்களுக்கும் தனிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. கலை உலகம் இதன் மதிப்பை அறியவே 44 ஆண்டுகள் சென்றன. தத்துவ உலகம் இன்னும் தாமதிக்க வேண்டியதில்லை. விதியையும் விருப்புரிமையையும் பற்றிய பாடங்களில் அகஸ்டினின் நூல் இடம்பெறுவது எவ்வளவு பொருத்தமோ, அவர் கேளாது விட்ட வினாவைக் கேட்கும் இந்தச் சாளரம் அதன் அருகில் இடம்பெறுவதும் அவ்வளவு பொருத்தம். பிறப்பைக் கொண்டும் நிறத்தைக் கொண்டும் மனிதரைப் படித்துத் தீர்ப்பளிக்கும் வழக்கம் உலகில் எங்கெல்லாம் தொடர்கிறதோ, அங்கெல்லாம் அந்தத் தீர்ப்புக்கு விதி என்று பெயரிடுவது உண்மையை மறைப்பதாகும். அது மனிதர் எழுதியது, மனிதரால் மாற்றத்தக்கது.